ஆறு பேர் ஆஜர்

பொன்னுராஜ் வாத்தியாருக்குப் பொய் பேச வராது. ஆகவே எழுதினார்.

கடமலைக்குண்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் நிர்வாகி சீனிச்சாமி நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். 1939-இல் அங்கே நாற்பது பிள்ளைகள் படித்ததாகப் பதிவேடு சொல்லிற்று. அவர்களில் முப்பத்து நான்கு பேர் உயிரோடு படித்தார்கள். மீதி ஆறு பேர் முந்தின வருஷம் குளிர்காய்ச்சலில் இறந்தவர்கள். நாற்பதுக்குக் குறைந்தால் சர்க்கார் உதவி நின்றுபோகும், வாத்தியாருக்கு வேலை போகும், அவரை நம்பி வந்த மனைவி சுகிர்தம் மூன்று பிள்ளைகளோடு ராயப்பன்பட்டிக்குத் திரும்பித் தகப்பன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதனால் அந்த ஆறு பேரும் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நல்லொழுக்கத்தைக் கெடுக்க இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளே ஊரை விசாரித்துக் காய்ச்சலைப் பற்றி ஒரு லாந்தர் படக்காட்சி தயாரிக்க வேண்டும். எல்லாப் பாடமும் அதற்குள் அடங்க வேண்டும். இன்றைக்கு ஆவணப்படம் என்கிறோமே, அதற்கு அத்தை முறை. கண்ணாடிச் சில்லில் மசியால் வரைந்து, விளக்கொளியில் சுவரில் பெரிதாக்கிக் காட்டுவது.

பிள்ளைகள் தண்ணீர் தேங்கிய குழிகளைத் தப்படியால் அளந்து படம் போட்டார்கள். அது பூகோளம். புட்டியில் கொசுப்புழு வளர்த்தார்கள். புழு கொசுவாகி வாத்தியாரையே கடித்தது. அது விஞ்ஞானம். கணக்கு மட்டும் பத்து வயது மலையம்மாளிடம் போயிற்று. அவள் வீடு வீடாகப் போய் யார் செத்தது, எந்த நாளில் என்று கேட்டாள். அழுதவர்களிடம் மறுநாள் போனாள். கண்ணாடியில் ஆறு பெயர் எழுதினாள். மூன்றாவது, அவள் தம்பி வீரணன்.

காய்ச்சலை விசாரித்தால் சாவும் அகப்படும் என்பது வாத்தியாருக்கு அதுவரை தோன்றவில்லை.

சீனிச்சாமி கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஏன் வாத்தியாரே, ஆறும் போயிருச்சுன்னு சுவத்துல காட்டுனா, இன்னைக்குக் காலைல பள்ளிக்கூடம் வந்தது என்ன, பேயா?"

"பிள்ளைக எழுதுனதுங்க."

"பிள்ளைக எழுதட்டும். நீங்க அழிங்க. 'சிலர்'னு போடுங்க."

மலையம்மாளுக்குப் புரியவில்லை. "சிலருன்னா எத்தன சார்?"

"கொஞ்சப் பேரு தாயி."

"அந்தக் கொஞ்சப் பேருல என் தம்பி உண்டா?"

வாத்தியார் அவளை முட்டிபோடச் சொன்னார். உடனே எழுந்திருக்கச் சொன்னார். பிறகு தாமே அழித்து எழுதினார்.

காட்சி நாளன்று ஜன்னல்களில் கம்பளி கட்டி இருட்டாக்கினார்கள். சுவரில் 'சிலர் மாண்டனர்' என்று விழுந்தது. வாசிக்க நின்ற மலையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. "ஆறு பேரு செத்துப்போனாக," என்று தொடங்கி ஆறு பெயரையும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் கம்பளியை விலக்கிப் பதிவேட்டைப் புரட்டினார். நேற்றுவரை ஆறு பேரும் ஆஜர். இன்றைக்கு மட்டும் ஆறு பேருக்கும் வயிற்றுவலி.

"இந்தப் பெண் சொல்வது நிஜமா?"

சீனிச்சாமி முந்திக்கொண்டார். "காய்ச்சல்ல புத்தி பேதலிச்ச பிள்ளைங்கய்யா. கண்டதையும் உளறும்."

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். மலையம்மாளும் பார்த்தாள்.

"அவ சரியாத்தான்யா எண்ணியிருக்கா," என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் நியாயஸ்தர். படக்காட்சி மெச்சத்தக்கது, ஆசிரியர் நீக்கத்தக்கவர் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். போகுமுன் ஆறு பெயரையும் அடித்து, ஒவ்வொருவரும் நீங்கிய தேதியை வாத்தியாரே குறிக்க வேண்டும் என்றார்.

வாத்தியாருக்கு ஒரு தேதியும் நினைவில்லை. மலையம்மாளைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் எழுதினார். மூன்றாவது பெயரில் பேனா நின்றது.

"ஆடி பதினேழு சார்," என்றாள். "நீங்களும் வந்து ஒரு கை மண்ணு போட்டீகளே."