கமலவேணி மெஸ்ஸின் முதல் இலை

சேந்தமங்கலத்திலிருந்து நைனாமலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது கமலவேணி மெஸ். பதினோரு மணிக்கு அங்கே போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். நடு மேசையில் முதல் இலையைப் போட்டுக் கடைக்காரியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பசியோடு வந்தவர்கள் சுவரோரமாக நிற்க வேண்டியதுதான். வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு இவள் முதல் பந்தியில் உட்காருவதா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை தெரியும்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கமலவேணி கடைசி ஆளாகத்தான் சாப்பிட்டாள். அவள் வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கு ராசிபுரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். புதன்கிழமை அரிசிம்பருப்புச் சோறு என்றால் பன்னிரண்டரைக்குள் அண்டா காலி. கைப்பக்குவம் என்று ஊர் சொல்லும். உண்மையில் எல்லாம் அவள் நாக்கு. எந்தக் குழம்பானாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் அடுப்பிலிருந்து இறக்குவாள்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் அந்தச் சொட்டு கிடையாது. அன்றைக்குக் கடைக்குள் முட்டைகூட வராது. கமலவேணிக்கு விடியற்காலையிலிருந்து விரதம். சமைத்ததைப் பெருமாள் படத்துக்கு முன் படைத்த பிறகுதான் பந்தி. சாமிக்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில் பட்டதாகிவிடும். நாக்கில் படாமலே, ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அந்த வருடம் முதல் சனிக்கிழமை. மலையேறும் கூட்டம் விடியும் முன்பே ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. தட்டப்பயிற்றுக் குழம்பு வைப்பதற்காகக் கமலவேணி சாமான் அறையிலிருந்த பையிலிருந்து ஆறு படி அள்ளினாள். பயிறு சிவப்பாக இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வண்டு விழாமல் இருக்கப் பயிற்றின் மேல் செம்மண்ணைக் குழைத்துப் பூசி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கழுவினால் சிவப்புத் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். நாலு தண்ணீர் கழுவி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, கத்திரிக்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பை இறக்கினாள். முகர்ந்து பார்த்தாள். பெருங்காய வாசம்தான் தூக்கலாக வந்தது. உப்புச் சரி என்று முடிவு கட்டிக்கொண்டு படையலைப் போட்டாள்.

பதினோரு மணிக்கு ஐந்து பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் கந்தப்பன், நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். பத்து வருட வாடிக்கை. குழம்பு லேசாகக் கசக்கிறதே என்று அவர்தான் முதலில் கேட்டார். மழைக்காலத்துக் கத்திரிக்காய் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, கமலவேணி அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பதினொன்றரைக்கு அவள் புருஷன் சின்னுசாமி காட்டிலிருந்து வந்தார். நேராகச் சாமான் அறைக்குப் போனவர் பாதிப் பையோடு திரும்பி வந்தார்.

"கமலா, இந்த வெதப்பயித்த யாரு எடுத்தா? மருந்து கலந்து வெச்சதாச்சே."

முந்தின நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காட்டில் இருந்த சாளைக் குடிசையின் கூரை ஒழுகியது. விதைக்க வைத்திருந்த பயிற்றை நனையாமல் கொண்டுவந்து கடையில் போட்டவர் அவர். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கலக்கும் மருந்தும் சிவப்புத்தான். சொல்ல வேண்டும் என்று நினைத்தாராம், மறந்துவிட்டாராம். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த ஒரு நிமிடம் கமலவேணிக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது. அடுத்த நிமிடம் அந்தக் கோபம் அவள் மேலேயே திரும்பியது. ஒரு சொட்டு நாக்கில் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சின்னுசாமி குரலைத் தாழ்த்தினார். குழம்பைப் பின்பக்கம் கொட்டிவிடலாம், தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம், சாப்பிட்ட அளவுக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் வெளியே தெரிந்தால் மெஸ் போச்சு என்றார். கமலவேணி கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கைய எடுங்க சாமி. கொழம்புல வெத மருந்து கலந்துபோச்சு. தப்பு என்னோடது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க."

பெஞ்சுகள் சாய்ந்தன. ஒருவர் வாசலுக்கு ஓடி விரலை விட்டு வாந்தியெடுத்தார். ஐந்து பேரையும் கடை வேனில் ஏற்றி, அதில் கிடந்த மருந்துப் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகும்படி புருஷனை அனுப்பினாள். அப்போதுதான் இலை எடுக்கும் மஞ்சுளா வந்து, ஒரு பார்சலும் போயிருக்கிறது என்றாள். சின்னப் பெண்குழந்தையோடு ஒரு புருஷன் பொண்டாட்டி. மலைமேல் சாமி கும்பிட்டுவிட்டு அங்கேயே சாப்பிடுவதாகச் சொல்லி வாங்கிப்போனார்களாம். போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

பார்சலுக்கு அந்த ஆள் செல்போனில் அனுப்பிய காசில் கௌதமன் என்ற பேர் மட்டும் இருந்தது. நம்பர் இல்லை. மலைமேல் கடை போட்டிருக்கும் தெரிந்த ஆளுக்கு நாலு தடவை போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மஞ்சுளாவைக் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த ஒரு பைக்கில் ஏறி அடிவாரத்தில் இறங்கினாள்.

நைனாமலைப் படிகள் ஆயிரக்கணக்கில் போகும். கமலவேணிக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேலே ஏறுகிறவர்களை விலக்கிக்கொண்டு, கௌதமன், கௌதமன் என்று கத்திக்கொண்டே ஏறினாள். கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் போட்ட சத்தத்தில் அவள் குரல் கேட்கவே இல்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டாள் போல என்று சிலர் பாவப்பட்டார்கள். வழியில் யாராவது இலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஓடுவாள். கிட்டே போய்ப் பார்த்தால் புளிச்சோறாக இருக்கும். அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது, கடை போனால் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினாள். கால் மரத்துப்போயிற்று. பயம் மட்டும் குறையவில்லை.

பாதி மலையில், நிழலான ஒரு திருப்பத்தில் அவர்களைப் பார்த்தாள். பார்சல் பிரித்திருந்தது. இலையில் சோறும் குழம்பும் பிசைந்து கிடந்தது. குழந்தையின் வாயைச் சுற்றிக் குழம்பு.

கமலவேணி குனிந்து இலையைப் பிடுங்கிச் சுருட்டினாள். அப்புறம்தான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். குழந்தையின் அம்மா பேர் தனப்பிரியா, திருச்செங்கோட்டுக்காரி. மேலே போய்ச் சாப்பிடலாம் என்றுதான் இருந்தார்களாம். பாப்பா பசியில் அழுததால் அவளுக்கு மட்டும் ஊட்டப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வாய் வாங்கியதுமே பாப்பா கசக்குது என்று துப்பிவிட்டாள். பிள்ளை அடம் பிடிக்கிறது என்று அதட்டிவிட்டு, தனப்பிரியா தானும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளும் துப்பிவிட்டாள்.

கமலவேணி படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தனப்பிரியா குழந்தையின் வாயைத் தண்ணீர் விட்டு மறுபடி மறுபடி கழுவினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலீங்களா? ருசி பாக்காமயா ஊருக்குச் சோறு போடுவீங்க?"

விரதம், படையல், எச்சில் என்று சொல்லக் கமலவேணி வாயைத் திறந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லைங்க சாமி, பாக்கலீங்க என்று மட்டும் சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, பயமில்லை என்று சொல்லும் வரைக்கும் அந்தப் பாப்பாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஐந்து பேரில் நாலு பேர் அன்று சாயங்காலமே வீடு திரும்பினார்கள். இரண்டாவது கரண்டி வாங்கிய கந்தப்பன் மட்டும் மூன்று நாள் படுத்திருந்தார். உணவு அதிகாரிக்குக் கமலவேணியே தகவல் சொன்னாள். அவர்கள் வந்து குழம்பை எடுத்துப்போனார்கள், கடையைப் பூட்டச் சொன்னார்கள். திறந்துகொள்ளலாம் என்று உத்தரவு வந்தபோது புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை.

அன்றைக்கும் தட்டப்பயிற்றுக் குழம்புதான் வைத்தாள். பயிறு கடையில் புதிதாக வாங்கியது. பதினோரு மணிக்கு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் படியேறவில்லை. எல்லாருக்கும் முன்னால் கந்தப்பன், இளைத்துப்போய், கைகட்டி நின்றார்.

கமலவேணி நடு மேசையில் ஒரு இலையைப் போட்டாள். சோற்றை வைத்து, குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னுசாமி பதறிப்போய், இன்னும் சாமிக்குப் படைக்கவில்லையே, உனக்கு விரதமாச்சே என்றார்.

"அந்தப் பாவம் எம் மேலயே வரட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முதல் வாயை எடுத்து வைத்தாள்.

வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. குழம்புச் சோறு, ரசம், மோர் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டு மறுபடி அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் பதினொன்றே முக்காலைத் தாண்டியது. கந்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.