பத்து மீட்டர் குறைந்த சங்கிலி

கடலில் குடித்தனம் என்றால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பச்சைத் தீவு, வெள்ளை மணல், காற்றில் விரிந்த பாய், காலையில் எழுந்ததும் குதித்துக் குளியல், கொடுத்துவைத்தவர்கள் ஐயா என்று பெருமூச்சு வேறு. விடட்டும். குளித்த உப்பைக் கழுவ ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கேட்டால் கேப்டன் எப்படி முறைப்பார் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? ஒன்பது வருஷம் ஈர மெத்தையில் படுத்து, ஆடுகிற அடுப்பில் ஒரு கையால் பாத்திரத்தையும் இன்னொரு கையால் சுவரையும் பிடித்துச் சமைத்தவளைக் கேட்டால் சொல்வாள். யாரும் கேட்டதில்லை.

கேப்டன் என்பது கணவனுக்கு அவள் வைத்த பட்டப்பெயர். கரையில் இருந்தவரைக்கும் அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு வானத்தைப் பார்க்க ஆசை வந்ததில் தப்பில்லை. ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். இவர் இருந்த இரண்டு அறை வீட்டை விற்றுப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். அப்போது மகளுக்கு நாலு வயது. ரெண்டே வருஷம், பிறகு கரைதான் என்று சத்தியம் செய்தார். நம்பித் தொலைத்தாள்.

அவள் மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்தவள். தையல் மிஷினும் கூடவே படகேறியது. அது ஏறியதால்தான் சாப்பாடு நடந்தது. தீவுக்குத் தீவு, நங்கூரம் போட்டு நிற்கிற படகுகளின் கிழிந்த பாய்களை வாங்கி, முட்டிபோட்டுத் தைத்துக் கொடுத்தாள். அவர்கள் அவளை டெய்லரம்மா என்றார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் சீருடை தைத்தவளுக்குத் தன் பெண்ணுக்கு ஒன்று தைக்கக் கொடுத்துவைக்கவில்லை. பெண் மடக்கு மேஜையில் உட்கார்ந்து அம்மாவிடமே படித்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் அதைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஒரு ஜீவன் வேண்டாமா?

போன வருஷம் ஒரு தீவில் பக்கத்துப் படகுச் சிறுமியோடு மகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று டெய்லரம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கேக்கலம்மா. எதுக்குப் பேரு? ரெண்டு வாரத்துல நாம கிளம்பிடுவோம், இல்லேன்னா அவங்க கிளம்பிடுவாங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை மனுஷர்களை வேண்டாம் என்று ஒதுக்கப் பழகிவிட்டது. இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் படகில் சண்டைதான். படகில் சண்டை போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. மூன்று எட்டு வைத்தால் படகின் மறுமுனை வந்துவிடும். கடைசியில் கேப்டன் இறங்கி வந்தார். வாங்க ஆள் கிடைத்தால் விற்றுவிடலாம், அந்தப் பணத்தில் வீடு பார்க்கலாம் என்றார். கிடைக்காது என்கிற தைரியம். ஆனால் கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், துறைமுக ஊருக்கு வியாழக்கிழமை வந்து படகைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, போன தடவை அங்கே கரையேறியபோதே மகளைச் சோதித்துப் பார்த்து, எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அன்றைக்கு உள்ளூர் விலாசத்தோடு வரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இங்கே அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நங்கூரத்தைக் கடலுக்குள் இறக்கும்போது எவ்வளவு சங்கிலி போயிருக்கிறது என்று தெரிய, பத்து மீட்டருக்கு ஒரு தரம் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டிருப்பார்கள். பத்துக்கு ஒரு கோடு, இருபதுக்கு இரண்டு, இப்படியே. ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி விட்டால்தான் காற்றடிக்கும்போது நங்கூரம் தரையைக் கவ்வி நிற்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் நங்கூரத்துப் பக்கம் துரு தின்றிருந்த பத்து மீட்டரைக் கேப்டன் அறுத்துப் போட்டார். ஆக எல்லாக் குறியும் பொய்யாகிவிட்டது. நாற்பது என்று காட்டுகிற இடத்தில் உண்மையில் முப்பதுதான். குறிகளை மாற்றி அடித்துவிடு என்று மனைவியிடம் சொன்னார். சரி என்றாள். பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் கட்டியாகக் காய்ந்திருந்தது. புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் பல் டாக்டரின் சேதி வந்தது. விற்கப்போகிற சங்கிலிக்கு என்ன அலங்காரம் என்று விட்டுவிட்டாள். முன்னால் நின்று நங்கூரம் இறக்குவது எப்போதும் அவள்தான். மனசுக்குள் ஒரு கோடு கூட்டி எண்ணிக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் துறைமுகத்துக்கு வெளியே வந்து சேர்ந்தார்கள். டெய்லரம்மா கீழே மெத்தை உறைகளுக்குப் புதுத் துணி மாட்டிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் வந்தால் பளிச்சென்று இருக்க வேண்டுமே! அவளைத் தொந்தரவு செய்யாமல் மகளே முன்னால் போனாள். எட்டு மீட்டர் ஆழம், நாற்பது விடு என்று கேப்டன் பின்னாலிருந்து கத்தினார். மகள் நாலு கோடு வரும்வரை எண்ணி விட்டாள். மேலே சங்கிலி ஓடுகிற சத்தம் டெய்லரம்மாவுக்குக் கேட்டது. வாயில் குண்டூசி. கணக்கு அவள் நினைவுக்கே வரவில்லை.

மூன்று மணிக்குப் புயல்காற்றும் மழையும் சேர்ந்து இறங்கின. நங்கூரம் பிடிக்கவில்லை, காற்று படகை இழுத்துக்கொண்டே போனது. என்ஜினைக் கிளப்புவதற்குள் அடிப்பக்கம் பவளப்பாறையில் மோதியது. அந்தச் சத்தம் வீட்டில் சுவர் விழுகிற சத்தம். கேப்டனுக்குக் கண்மண் தெரியவில்லை.

"எவ்வளவுடி விட்ட?"

"நாப்பதுப்பா."

"நாப்பது விட்டிருந்தா நகருமா? நாலு கோடு எண்ணத் தெரியல, இவ எட்டாங்கிளாஸ் போறாளாம்!"

டெய்லரம்மா முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பத்து மாதம் சண்டை போட்டு வாங்கியதைத் தன் கையாலேயே பாறையில் போட்டு உடைத்தேன் என்று எப்படிச் சொல்வாள்? இன்னும் வேகமாக இறைத்தாள். மீன்பிடிப் படகு ஒன்று கயிறு போட்டு இழுக்க வந்தது. படகை விடுவிக்க, அதில் கட்டியிருந்த சங்கிலியின் மறுமுனையைக் கழற்றிவிட வேண்டியதாயிற்று. அது முழுசாகச் சரிந்து பாறை ஓரத்துப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

வியாழக்கிழமை பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். படகுப் பட்டறையில் அடிவயிறு கிழிந்து, சுக்கான் முறிந்து, முட்டுக்கட்டைமேல் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார். நல்ல மனுஷர். கண்ணாடியைத் துடைத்தார், எல்லாரும் பத்திரமா என்று விசாரித்தார், கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார், போய்விட்டார். திங்கட்கிழமை காலை பட்டறை வாசல் வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மகள் படகுக்கு அடியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கேப்டன் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டையை அடைத்தார். ஆறு மாத வேலை இருக்கிறது என்று அவர் சொன்ன தோரணையில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. இனி விற்கிற பேச்சு வராது என்று டெய்லரம்மாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மறுநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். காய்ந்த டப்பா, பொய்க் குறி, மனசுக்குள் வைத்திருந்த கணக்கு, ஒன்று விடவில்லை. கேட்டு முடித்ததும் கேப்டனின் முகம் இளகியது.

"பொண்ணுக்காகப் பழிய நீ ஏத்துக்கற. சரி விடு, நான் அவளைத் திட்டினது தப்புதான். நீயாவது குறி அடிக்காம விடறதாவது!"

"அடிக்கலைங்க. உண்மையா அடிக்கல."

"போதும் விடு. சின்னப் பொண்ணு, தப்பா எண்ணிட்டா."

எடுத்துக் காட்டச் சங்கிலி இல்லை. மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நீ சரியாகத்தான் எண்ணினாய், நாலு கோடும் வந்தது, ஞாபகம் இல்லையா என்று கெஞ்சினாள். மகள் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வந்துச்சுன்னுதான் நெனச்சேன். இப்ப யோசிச்சுப் பாத்தா மூணுலயே நிறுத்திட்டேன்மா. எனக்கே நல்லா தெரியுது. நீ எனக்காகப் பொய் சொல்லாத."

"இல்லடி..."

"எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கெல்லாம் நாலு எண்ணத் தெரியும்மா. அங்க போய் நான் என்ன பண்றது?"

சொல்லிவிட்டுக் குனிந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள்.