திருமுழுக்கு என்று எழுதியிருந்தார்

காரைக்குடியில் விழாப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளத்தூர் டீச்சர் ஒருவர், தத்தெடுத்த ஆறு வயது மகளுக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானம் என்று சொல்லி, 'திருமுழுக்கு விழா' என எழுதிக் கொடுத்தார். பெயர் வைக்கிற சடங்குதானே, எல்லாருக்கும் புரியட்டும் என்று நானாகவே 'பெயர் சூட்டு விழா' என மாற்றி அச்சடித்துவிட்டேன்.

வாங்க வந்த அன்று மகளும் கூட வந்தாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேர மாத்தப் போறீகளாம்மா? நான் மீனாதானம்மா."

டீச்சர் அங்கேயே குனிந்து அவளை அணைத்துக்கொண்டார். "மாத்த மாட்டோம்டா. அது நீ வரும்போதே கொண்டு வந்த பேரு. அந்தப் பேரச் சொல்லித்தான் ஃபாதர் உன் தலையில தண்ணி ஊத்துவாரு. அன்னையிலருந்து நீ நம்ம கோயில் பிள்ளை. அதான் திருமுழுக்கு."

குழந்தை நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"தப்பு என்னோடது பாப்பா," என்றேன்.

டீச்சர் திட்டவில்லை. "அவ படிக்கிற மாதிரி பெரிய எழுத்தாப் போடுங்கண்ணே," என்றார்.

மாலையே புதிதாக அச்சடித்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீனா முழுவதும் படித்துவிட்டுச் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதும் புரியாத சொல்லைக் கண்டால் திருத்தத்தான் கை போகிறது. ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கே முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.