உப்புப் போடாத சட்டை

பாஹா தோ மெல் என்ற ஆற்றங்கரை ஊரில் சுல்மீராவுக்குப் பிடிக்காத நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஜூன் இருபத்தொன்பது, புனித பேதுரு திருநாள். அன்று ஊர் முழுக்கப் படகுக்காரர் கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் இருக்கும். வாசலில் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றுவார்கள். அதில் கொலராவு விதை கொதிக்கும். வீட்டில் மீன்குழம்பைச் சிவக்க வைக்கிற அதே விதைதான். அவளுடைய அண்ணி ஒடெட்டி, கோல்கீப்பரின் வெள்ளைச் சட்டையை அகப்பையால் அதில் முக்கிப் பிழிந்து, ஈரத்தோடு அவன் தலைவழியாக மாட்டிவிடுவாள். கூட்டம் "உப்பு வேணாம்! உப்பு வேணாம்!" என்று கத்தும். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் வியர்வையோடு சாயம் இறங்கி, கீப்பரின் தொடையெல்லாம் செக்கச்செவேலென்று ஆகும். அதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் திருநாள் வந்த மாதிரி இருக்கும்.

சுல்மீராவின் பங்கு, அண்டாவுக்குத் தண்ணீர் சுமப்பது. நாற்பத்தொன்பது வருஷமாகச் சுமந்தாள். இப்போது எழுபத்து நான்கு வயது, இடது முழங்கால் மடங்காது. அப்படியும் சுமந்தாள்.

அவள் ஒன்றும் சும்மா இருந்தவள் இல்லை. ஊர் சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளர். ஊசி போட்டாள், புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் படகிலேயே இரண்டு பிரசவம் பார்த்தாள். கழகத்தின் மூன்று தலைமுறை ஆட்டக்காரர்களின் கணுக்கால்கள் அவள் கையில் வீங்கி வடிந்தவை. அதற்கெல்லாம் யாரும் கோஷம் போடவில்லை. ஒடெட்டி செய்தது ஒரே ஒரு காரியம். அதுவும் செய்யாமல் விட்ட காரியம். அதற்குத்தான் கேக்கின் முதல் துண்டு, முன்வரிசை நாற்காலி, பிள்ளைகள் வந்து கையை முத்தமிட்டு ஆசி கேட்பது எல்லாம்.

அதையாவது அவள் செய்யாமல் விட்டாளா என்றால், அதுவும் இல்லை. விட்டது சுல்மீரா.

நடந்தது 1971இல். நெல் ஏற்றும் படகுகளில் துடுப்புப் போட்டவர்கள் தொடங்கிய கழகம் அது. சர்க்கரை மூட்டைத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டதால் சட்டை வெள்ளை. அன்றைக்கு ஆட வந்தது சாந்து அனிசெத்து ஊர் அணி, பண்ணைக்காரர்களின் பிள்ளைகள். அவர்களும் வெள்ளையில் வந்து இறங்கினார்கள், கடையில் வாங்கிய நல்ல வெள்ளை. உள்ளூர் அணிதான் சட்டை நிறத்தை மாற்ற வேண்டும் என்று நடுவர் சொல்லிவிட்டார். மணி பன்னிரண்டு, ஆட்டம் நாலு மணிக்கு. சுல்மீராவின் அண்ணன் வல்தெமார்தான் அணித் தலைவன். அவன் பெண்டாட்டி ஒடெட்டி மைதான வாசலில் மீன்குழம்புக்குக் கொலராவு கொதிக்க வைத்திருந்தாள். பதினொரு சட்டையையும் அதில் போட்டு, "நான் கொடி கட்ட கயிறு வாங்கிட்டு வரேன். கடைசியில ரெண்டு கைப்பிடி உப்பு போடு சுல்மி, இல்லேன்னா சாயம் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுல்மீராவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோல்கீப்பர் எவெரால்து படகின் பித்தளைத் தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து, அவசரமாகச் சட்டைகளை எடுத்துப் பிழிந்து மதில்மேல் காயப்போட்டாள். உப்பு பொட்டலத்திலேயே இருந்தது.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் மழை. பதினொரு பேரும் கழுத்தறுத்த கோழிகள் மாதிரி சிவப்பாய் ஒழுகினார்கள். எதிர் ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கொலராவு! ஏ கொலராவு! மீன் எங்கடா?" ஐந்துக்கு ஒன்று என்று தோற்று வீட்டுக்கு வந்த வல்தெமார், வாசலிலேயே நின்று கேட்டான்: "உப்பு போட்டது யாரு?"

சுல்மீரா யோசிக்கவே இல்லை. "அண்ணிதான் போடறேன்னாங்க."

ஒடெட்டி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி நாலு மாதம்; அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. மாமியார், அதாவது சுல்மீராவின் அம்மா, அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் "உப்பு போட்டியா, இல்ல மறந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

1974இல் காற்று திசை மாறியது. கேலி செய்தவர்களையே வம்புக்கிழுக்கப் படகுக்காரர்கள் கொலராவு நிறத்திலேயே சட்டை தைத்து, முகத்திலும் பூசிக்கொண்டு போய், சாந்து அனிசெத்தை அவர்கள் மண்ணிலேயே அடித்து, ஆற்றங்கரைக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து கழகத்துக்குப் பெயரே கொலராவு. அப்போதைய தலைவர் ஒடெட்டியை மைதானத்துக்கு நடுவில் கூப்பிட்டு, "நீ உப்பை மறந்தே, எங்களுக்கு ஒரு நிறம் கெடச்சுது" என்று மாலை போட்டார். திருநாள் சடங்கு தொடங்கிய முதல் வருஷம் அவள் கையால் ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டது எவெரால்து. அதற்குள் அவன் சுல்மீராவின் புருஷன். பல்லைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்ற அவன் தலையைச் சுல்மீரா சாகும்வரை மறக்கப் போவதில்லை. அவன் செத்தும் பன்னிரண்டு வருஷமாகிறது, இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் மே மாதம் இன்னொன்று வந்தது. மைதானச் சுவரில், ஆற்றைப் பார்த்த பக்கம், ஒடெட்டியின் முகத்தை மூன்று ஆள் உயரத்துக்கு வரையப் போகிறார்களாம். படகில் வருகிறவனுக்கெல்லாம் முதலில் தெரியப்போவது அந்த மூக்கு.

சுல்மீராவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மாலையையும் கேக்கையும் பொறுத்துக்கொள்ளலாம், ஒடெட்டி செத்தால் அதுவும் நின்றுபோகும். சுவர் அப்படியில்லை. இரண்டு பேரும் போன பிறகும் அந்த முகம் இருக்கும், தன் பெயர் எங்கேயும் இருக்காது. மூன்றாம் நாள் கழகத் தலைவர் கில்வானின் ஐஸ் ஆலைக்குப் போனாள்.

"உப்பு போடாதது நான்தான்," என்றாள்.

கில்வான் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. மரியாதைக்கு மட்டும் குறைவில்லை, 'அம்மா' என்பதற்கு ஊர் வழக்கப்படி 'தோனா' போட்டுத்தான் கூப்பிட்டார். "தோனா சுல்மீரா, இந்த ஊர்ல அதைச் சொல்லிக்கிட்டு வந்த ஏழாவது ஆள் நீங்க. போன வருஷம் பாதிரியாரோட அக்காகூட சொன்னாங்க."

"நான் பொய் சொல்லல. அன்னிக்குத்தான் பொய் சொன்னேன்."

"சரி, சாட்சி யாரு? உங்க அண்ணன் உசுரோட இல்ல, உங்க வீட்டுக்காரரும் இல்ல. தோனா ஒடெட்டியே வந்து சொல்லட்டும், சுவத்துல உங்களை வரையறேன். இப்ப ஒரு காபி குடிங்க. பொறாமை உடம்புக்கு ஆகாது."

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

தினமும் காலை ஒடெட்டியின் ரத்த அழுத்தம் பார்ப்பது சுல்மீராதான். பொறாமை வேறு, வேலை வேறு. ஒரு நாளும் தவறியதில்லை. மறுநாள் காலை கைப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"மெதுவா அடி. கை அறுந்துடும்போல இருக்கு," என்றாள் ஒடெட்டி. "நீ அளக்கறது என் பிரஷரா, உன் பிரஷரா?"

"அண்ணி, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"அம்பத்திரண்டு வருஷம் முன்னாடியே விழுந்துச்சு. பொட்டலம் பிரிக்காம கெடந்ததை நான்தானே எடுத்து மடியில போட்டுக்கிட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கம்மா நம்பியிருப்பாளா? அப்புறம் மாலை விழுந்துச்சு. மாலை விழும்போது எவ சொல்லுவா?" ஒடெட்டி கையை நீட்டியபடியே சாய்ந்துகொண்டாள். "மூணு வருஷம் வசவு தின்னேன்டி. நீ எதிர்ல உக்காந்து மரவள்ளி மாவைப் பிசைஞ்சு சாப்பிட்டே. வசவு தின்ன வாய்க்குத்தான் கேக்கு."

"சுவருமா?"

"சுவரும்தான். வேணும்னா ஒண்ணு பண்ணு. திருநாளன்னிக்கு மைக்ல சொல்லு. உப்பு மறந்ததை மட்டும் இல்ல, பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லு. சொன்னா அகப்பையை உன் கையில குடுக்கறேன். உன்னால முடியாது."

அளவு நூற்றைம்பது, தொண்ணூறு. சுல்மீரா அதைத் தாளில் குறித்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

முடியாது என்று ஒடெட்டி சொல்லியிருக்கக் கூடாது.

திருநாளன்று அண்டா கொதித்தது. ஒடெட்டி பூப்போட்ட ஏப்ரன் கட்டி வந்தாள். சுல்மீரா தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நேரே போய்க் கில்வான் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எழுபத்தொண்ணுல உப்பு போடாதது நான். அண்ணிமேல பழி போட்டதும் நான்தான். அவங்க மூணு வருஷம் திட்டு வாங்கினாங்க, நான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

கில்வான் ஒடெட்டியைப் பார்த்தார். ஒடெட்டி தலையை ஆட்டினாள், ஆமாம் என்று. மேல் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "அடிப்பாவி! நாத்தனார் புத்தி எந்த ஊர்லயும் ஒண்ணுதான்!" பிறகு இன்னொன்று: "பொய் சொன்னாலும் நிறம் குடுத்தாளேப்பா!" சிரிப்பு ஒரு பக்கம் தொடங்கி மைதானத்தைச் சுற்றியது. யாரோ "சுல்மீரா! உப்பு எங்கே?" என்று கத்த, ஆயிரம் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேலிதான். ஆனால் அவள் பெயரைச் சொல்லிக் கேலி. சுல்மீரா நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

ஒடெட்டி அகப்பையைக் கொடுத்தாள். கொடுத்தபோது அவள் வாய் கோணியதைச் சுல்மீரா பார்த்தாள். அந்தக் கோணல் எப்படி வரும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்; நாற்பத்தொன்பது வருஷம் தன் முகத்தில் இருந்தது. அவள் சட்டையை அண்டாவில் இறக்கிய அந்த நொடியில், ஒடெட்டி ஏப்ரன் பையிலிருந்து கல்லுப்பை எடுத்து உள்ளே போட்டாள். ஒரு கைப்பிடி. இன்னொன்று.

வேறு யாரும் கவனிக்கவில்லை. சுல்மீரா பார்த்துவிட்டாள். இப்போது சாயம் ஒட்டிக்கொள்ளும். ஒழுகாது. சுல்மீராவின் கை பட்டது, திருநாளே கெட்டது என்று நாளைக்குள் ஊர் பேசும். கத்தலாம், கத்தினால் மறுபடி அண்ணிமேல் பழி போடுகிறாள் என்பார்கள். அவள் சட்டையைப் பிழிந்து கீப்பரின் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேரும் கோட்டோரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பந்து எங்கே போகிறது என்று இருவரும் பார்க்கவில்லை. கீப்பரின் கால்களையே பார்த்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து. ஒடெட்டி மடியில் கை கோத்துத் திருப்தியாக இருந்தாள்.

பன்னிரண்டாவது நிமிஷம் கீப்பரின் வலது தொடையில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பிறகு இடது தொடை. அரைமணியில் காலுறைவரை சிவந்துவிட்டது. கூட்டம் எழுந்து ஆடியது.

"ரெண்டு கைப்பிடி போட்டேன்," என்றாள் ஒடெட்டி, குரலைத் தாழ்த்தி.

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஒழுகுது?"

"உப்புக்கெல்லாம் அது நிக்காதுபோல."

ஒடெட்டி திரும்பி அவளைப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு நீ போட்டிருந்தாலும்?"

"ஒழுகித்தான் இருக்கும்."

"அப்ப உங்கம்மாகிட்ட நான் வாங்கினது?"

"சும்மா வாங்கினது. நான் எரிஞ்சதும் சும்மா எரிஞ்சது."

எதிரணி கோல் போட்டது, அதை இருவரும் கவனிக்கவில்லை.

"யார்கிட்டயாவது வாயைத் திறந்தே..." என்றாள் ஒடெட்டி.

"நானா? இன்னிக்குத்தான் என் கைக்கு அகப்பையே வந்திருக்கு."

இடைவேளையில் கில்வான் ஓவியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இப்ப நான் யாரை வரையச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு பேரையும்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"முன்னால யாரு, பின்னால யாரு?" என்று கேட்டான் ஓவியன்.

அது ஜூன் மாதக் கதை. இது செப்டம்பர். சுல்மீரா தினமும் காலை போய்க் கைப்பட்டையைச் சுற்றுகிறாள். அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டையைத் தொடங்குகிறார்கள். சுவரில் இதுவரை அண்டா மட்டும்தான் வரைந்து முடிந்திருக்கிறது.