மூடிய தியேட்டரும் நான் மறைத்த கடிதமும்

ஹைகோர்ட்டில் எங்கள் பதில் மனு தாக்கலாகி நான்காம் நாள், அந்தக் கடிதம் என் கையில் கிடைத்தது.

அப்போது நான் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். தியேட்டர்களைப் புதுப்பிக்க உரிமையாளர்களுக்கு மானியம் கொடுத்திருந்தோம். ஐந்து வருஷம் படம் ஓட்ட வேண்டும். அனுமதி கேட்காமல் மூடினால் மானியத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். காலாப்பட்டில் தியேட்டர் நடத்திய அமலோற்பவம் அம்மா, புயலில் கூரை போனதால் எட்டு மாதம் மூடியிருந்தார். ரெக்கவரி நோட்டீஸ் அனுப்பினோம். அனுமதி கேட்டு நேரில் கடிதம் கொடுத்ததாகச் சொல்லி அவர் வழக்குப் போட்டார். அப்படி எதுவும் வரவில்லை என்று பதில் மனுவுக்குக் குறிப்பு எழுதியவன் நான்.

கடிதம் வேறொரு தியேட்டரின் ஃபைலில் இருந்தது. மூலையில் என் இனிஷியல். அதைக் கொடுத்த அன்று அந்த அம்மா ரசீது கேட்டதும், "நான் வாங்கிட்டேன்ல, போங்கம்மா" என்று நான் அனுப்பியதும் நினைவுக்கு வந்தன.

அதிகாரியிடம் கொண்டுபோனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அஃபிடவிட் போட்டாச்சு. இப்ப இத நீட்டினா, பொய் சொன்னது யாருன்னு கேப்பாங்க. உன் இனிஷியல்தான் இருக்கு. ரிட்டயர்மெண்டுக்கு எவ்ளோ இருக்கு?"

"பதினாலு மாசம் சார்."

"அப்ப ஃபைல மூடு."

மூடினேன். கடிதத்தைக் கிழிக்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வழக்கில் அமலோற்பவம் அம்மா தோற்றார். தியேட்டரை விற்றுத்தான் பணம் கட்டினார்.

ஓய்வுபெற்று ஒரு வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் பையனே கேட்டான் சார், நெசமாவே குடுத்தியாம்மான்னு."

"மன்னிச்சிடுங்கம்மா."

"கோர்ட்டுல வந்து சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

சொன்னேன். கடிதம் இருந்த ஃபைலின் எண்ணையும் அஃபிடவிட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் போட்ட மறுஆய்வு மனுவில் நோட்டீஸ் ரத்தானது. கட்டிய பணம் திரும்பி வந்தது. தியேட்டர் இருந்த இடத்தில் அதற்குள் கல்யாண மண்டபம் எழும்பியிருந்தது. என்மேல் விசாரணை வந்தது. பென்ஷனில் ஒரு பகுதி போனது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். வாங்கும் கடிதத்துக்கு அங்கேயே சீல் வைத்து ரசீது கொடுங்கள். தவறு நடந்துவிட்டால், தெரிந்த அன்றே எழுத்தில் கொடுங்கள். மறுஆய்வு மனுவில் தீர்ப்பு வந்த அன்று, கோர்ட் வராண்டாவில் அந்த அம்மா என்னைக் கடந்து போனார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.