வண்டூரில் காற்றைக் குடித்தோம்

போர்ட் பிளேரில் காலை ஆறரை மணிக்கு வண்டூர் பேருந்தில் ஏறியபோது கயலின் மடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, என் மடியில் இட்லிப் பொட்டலம். எனக்கு எது பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

கயல் என் கல்லூரித் தோழி. பாலைவனக் காற்றிலிருந்துகூடக் குடிநீர் எடுக்க, கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் நிறைந்த தூள் ஒன்றைச் செய்திருக்கிறாள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மூடி வெயிலில் வைத்தால் கக்கிவிடும். அந்த நீரை ஒரு வீட்டுக்காரி மனதாரக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்றாள்.

இருபத்தைந்து கிலோமீட்டர் கடந்து வண்டூரில் இறங்கினோம். மீனவர் வீட்டு அந்தோணியம்மா அக்கா வாசலிலேயே ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் நீட்டினார். கோடையில் அங்கே குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். செம்பு மட்டும் தளும்பியது.

"அரே, பெட்டிய மூலையிலயா வைப்பாவ? நல்ல எடத்துல நான் வைக்கேன், நீங்க கடலப் பாத்துட்டு வாங்க" என்றார்.

பதினோரு மணிக்குத் திரும்பினோம். முற்றத்திலேயே நல்ல காற்றடிக்கும் இடமான கருவாட்டுப் பரணில், நெத்திலிகளுக்கு நடுவே பெட்டி ராஜாவாக வீற்றிருந்தது! கயல் பதறி மூடினாள். வெயிலில் அரை டம்ளர் நீர் சொட்டியது. முகர்ந்தால், ஐயோ! தூள் கருவாட்டு வாடையையும் சேர்த்துக் குடித்திருந்தது.

"கொழம்புக்கு மீனே வேண்டாம், இது போதும்!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான். கயலின் கண் கலங்கியதும் இருவரும் நிறுத்தினோம்.

"அழாத மக்களே. தூள் இன்னும் இருக்கா?"

ஒரே பொட்டலம் மிச்சம். அக்கா நெத்திலியை எல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோனார். அன்றைய வெயிலைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியைக் கழுவிப் புதுத் தூளைப் போட்டு, கடற்காற்று நேரே வரும் பக்கமாக, படகின்மேல் அதைத் திறந்து வைத்தோம்; பிறகு மூடி வெயிலில் விட்டோம்.

நான்கு மணிக்கு ஒரு டம்ளர் சேர்ந்தது. அக்கா முகர்ந்தார், ஒரு மடக்கு குடித்தார். கயல் நகத்தைக் கடித்தாள். அக்கா அடுக்களைக்குப் போய், பாத்திரம் கழுவும் டிரம்மைத் தாண்டி, குடிதண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து மிச்சத்தை ஊற்றினார்.

"டீக் ஹை. இனி இது நம்ம வீட்டுத் தண்ணி."

கயல் அக்காவைக் கட்டிப்பிடித்த வேகத்தில் பானை தப்பியது புண்ணியம்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் விருந்தாளியிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்போம். இந்த அக்கா கேட்கவே இல்லை. "வழிக்கு வச்சுக்கோங்க" என்று அதே பானையிலிருந்து பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

பேருந்தில் எனக்குத் தாகம். கயல் மனமே இல்லாமல் மூடியளவு ஊற்றினாள்.

"எப்படி இருக்கு?"

"ஒரு ருசியும் இல்லடி. வெறும் தண்ணி."

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.