சோணைமுத்து கேட்ட நான்கு குரல்கள்

என் அண்ணன் சோணைமுத்து பாளையம்பட்டியில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி ஊரை எழுப்பிவிடுவார். 1968இல் மதுரையில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினார். அதோடு ஓர் இசைத்தட்டும் வந்தது. உறையில் இருந்த ஆங்கிலத்தை நான்தான் படித்துச் சொன்னேன். ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில், நானூறு வருடங்களுக்கு முன்பு, தேவாலயத்துக்காக அமைத்த பாடல். வாத்தியமே கிடையாது, நான்கு குரல்கள் மட்டும். மறுபக்கம் லூட், குடத்தைப் பாதியாக அறுத்தது போன்ற முதுகுள்ள நரம்பு வாத்தியம்.

லூட்டை அண்ணன் ரசித்தார். நான்கு குரல்களையோ திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மெல்லிய குரல் ஒன்று தனியே தொடங்கும். அது முடியும் முன்னே அதே மெட்டை இன்னொரு குரல் கீழே எடுக்கும். பிறகு மூன்றாவது. கடைசியில், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் நான்காவது. ஒன்று மற்றொன்றை அமுக்குவதே இல்லை.

“நாலு பேரும் நாலு வழியாப் போறாக தம்பி. முட்டிக்கிறலயே, எப்படி?”

நான்கும் சேர்ந்ததும் எனக்கு ஒரே குரலாகக் கலந்துவிடும். இதை இன்னொருவரும் கேட்டு வியக்க வேண்டுமென்று அண்ணன் தவித்தார். டீக்கடையில் போட்டுக் காட்டினார்.

“ஏலே சோணை, கிணத்துல விழுந்தவுக கத்துற மாதிரியில்ல இருக்கு!” என்று சிரித்தார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் வெள்ளத்துரை மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் பந்தல் காலியாக இருந்தது. குழாயைச் சோதிக்கிற சாக்கில் அண்ணன் அந்தத் தட்டைப் போட்டார். பருத்திக்காட்டில் இருந்த பெண்களுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக எழும் குரல்கள் இழவு வீட்டு அழுகையாகத் தோன்றிவிட்டன. மடிப் பருத்தியைக் கொட்டிவிட்டு, கூந்தலை அவிழ்த்து, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“ஆத்தாடி, யாரு போயிட்டாக?”

வெள்ளத்துரை பந்தலுக்குள் பாய்ந்து வந்தார். “ஏலே, கல்யாண வீட்டுல எழவுப் பாட்டா போடுற? கொழாயக் கழட்டு! இனி இந்தப் பக்கம் உன் செட்டு வரப்படாது!”

வந்தவர்களில் அருஞ்சுனை அத்தையும் இருந்தார். சுற்றுப்பட்டில் எந்தச் சாவு வீட்டிலும் முதலில் ஒப்பாரி எடுப்பவர். அவர் கையை உயர்த்தினார்.

“பொறுப்பா. மறுபடி போடு, கேப்போம்.”

தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுதும் கேட்டார்.

“இது எழவு இல்ல. எழவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நாங்க ஆளாளுக்கு அழுவோம், ஒருத்தி அழுகுறது இன்னொருத்திக்குக் கேக்காது. இவுக அடுத்தவுக பாடுறதக் கேட்டுக்கிட்டே பாடுறாக. நல்ல சகுனந்தான் வெள்ளத்துரை, கல்யாணத்த நடத்து.”

அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கேட்டுருச்சு தம்பி. அத்தைக்குக் கேட்டுருச்சு” என்றார்.

கல்யாணம் நடந்தது. அதன்பின் அவர் யாருக்கும் அதைப் போட்டுக் காட்டவில்லை. தேவைப்படவில்லை போலும்.

போன மாதம் அண்ணன் இறந்துவிட்டார். அருஞ்சுனை அத்தை தள்ளாடிக்கொண்டே வந்தார். பெண்கள் தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்து ஒரே சமயத்தில் குரலெடுக்கப் போனபோது, பழையபடி கையை உயர்த்தினார்.

“இருங்கடி. இவன் செட்டுக்காரன். ஒருத்தி எடுக்கட்டும். மத்தவுக அதக் கேட்டுக்கிட்டே ஒவ்வொருத்தியாச் சேருங்க.”

முதலில் அவரே தொடங்கினார். முடியும் முன்னே இன்னொரு குரல் கீழே எடுத்தது. பிறகு மூன்றாவது. கடைசியில் நான்காவது. வாசலில் நின்ற எனக்கு அப்போதுதான் நான்கும் தனித்தனியே கேட்டன.